நாலாயிரம் பதில்களும் படித்த ஒருவரும்

2010 ஏப்ரல் 16 அன்று, சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தன் வலைப்பதிவில் ஒரு கட்டுரை எழுதினார். வீடியோ கேம் ஒருநாளும் கலையாக முடியாது என்பது தலைப்பு; கட்டுரையின் முடிவும் அதுவே. அதற்கு வந்த பின்னூட்டங்கள் நாலாயிரத்தைத் தாண்டின. பெரும்பாலானவை எதிர்ப்பு. இரண்டரை மாதம் கழித்து, ஜூலை 1 அன்று, அவர் இன்னொரு கட்டுரை எழுதி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் விளையாடிப் பார்க்காத ஒன்றைப் பற்றி வாய் திறந்திருக்கக் கூடாது, பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுத நான் சம்மதிப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

முகம் தெரியாதவர்கள் கூடி கேம், சினிமா, சமூகப் பிரச்சினை என்று பேசும் இடங்களைப் பற்றி இன்று நிறையப் புலம்பல் கேட்கிறது. ‘இணையம் வந்தது, பேச்சு கெட்டது’ என்பது அதன் சாரம். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது இணையத்துக்கு வெகு காலம் முந்திய பழக்கம். பெரியவர்களும் செய்திருக்கிறார்கள், கும்பல்களும் செய்திருக்கின்றன. மாறுவது ஒன்றுதான்: தீர்ப்புச் சொன்னவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஏற்பாடு அந்த இடத்தில் இருக்கிறதா, இல்லையா என்பது. ஈபர்ட் கதை அதற்கு நல்ல சான்று. அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

ஈபர்ட் சாதாரண ஆள் இல்லை. 1967 முதல் அதே நாளிதழில் திரைப்பட விமர்சனம் எழுதியவர். 1975இல் புலிட்சர் பரிசு பெற்றபோது, அந்தப் பரிசை வாங்கிய முதல் திரைப்பட விமர்சகர் அவர்தான். சக விமர்சகர் ஜீன் சிஸ்கலோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்து, படங்களுக்குக் கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் அமெரிக்காவின் வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தவர். பேச்சால் வாழ்ந்த அந்த மனிதரின் குரலை 2006இல் நடந்த புற்றுநோய் சிகிச்சை பறித்துவிட்டது. 2008இல் தொடங்கிய வலைப்பதிவுதான் அதற்குப் பிறகு அவருடைய வாய். வரும் பின்னூட்டங்களைத் தானே படித்துத்தான் வெளியிட்டார். பலவற்றுக்குக் கீழேயே ஓரிரண்டு வரியில் பதிலும் எழுதினார்.

கேம்கள் மீதான அவருடைய வழக்கு 2005இலேயே தொடங்கிவிட்டது. ‘டூம்’ என்ற கேமைத் தழுவி எடுத்த படத்தை அவர் சாடியதும் வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவருடைய வாதம் இதுதான்: நாவலாசிரியரும் இயக்குநரும் நம்மை ஒரு தவிர்க்க முடியாத முடிவுக்கு இட்டுச் செல்கிறார்கள், கேமிலோ எந்த வழியில் போவது என்பதை விளையாடுபவர் தேர்ந்தெடுக்கிறார், கடிவாளம் படைப்பாளியின் கையில் இல்லாத இடத்தில் கலை எப்படி வரும்? மேலோட்டமான வாதம் இல்லை இது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து துன்பியல் நாடகத்தைப் பற்றிச் சொல்லிவந்ததன் நேர்வாரிசு.

2010 கட்டுரைக்கு உடனடிக் காரணம் கெல்லி சாண்டியாகோ என்ற கேம் தயாரிப்பாளர் ஆற்றிய உரை. கேம்கள் ஏற்கெனவே கலைதான், ஆனால் இன்னும் குகை ஓவியக் கட்டத்தில் இருக்கின்றன என்று சொல்லி அவர் மூன்று கேம்களை எடுத்துக்காட்டினார். ஒன்று, 1993இல் டெக்சஸில் தீயில் முடிந்த மதக்குழு முற்றுகையைப் பற்றியது. இரண்டாவது ‘பிரெய்ட்’, அதில் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றிச் செய்த தவற்றைத் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது சாண்டியாகோவின் சொந்த நிறுவனம் செய்த ‘ஃபிளவர்’. அதில் விளையாடுபவர்தான் காற்று. ஒற்றை இதழைத் தூக்கிக்கொண்டு புல்வெளிமேல் போனால், தொட்ட பூக்களெல்லாம் மலர்ந்து இதழ்களாகப் பின்னால் சேர்ந்துகொண்டே வரும். ஈபர்ட் உரையில் காட்டிய துண்டுக் காட்சிகளைப் பார்த்துவிட்டு மூன்றையும் தள்ளினார். சதுரங்கத்தில் நகர்த்திய காயைத் திரும்ப எடுக்க விட்டால் ஆட்டம் என்னாவது என்று பிரெய்டைக் கேட்டார். ஃபிளவர் அவருக்கு வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது.

பதில் எழுதியவர்களில் திட்டியவர்களும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வந்த கோரிக்கை ஒன்று: ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ கேமை விளையாடிப் பாருங்கள். 2005இல் ஃபுமிடோ உவேடா இயக்கத்தில் ஜப்பானில் உருவானது அது. இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க ஓர் இளைஞன் பதினாறு ராட்சத உருவங்களைக் கொல்ல வேண்டும். சாதாரணமாக இப்படிப்பட்ட கேமில் ஒரு பகைவன் விழுந்தால் வெற்றி முழக்கம் கேட்கும். இதில் ஒவ்வொரு ராட்சதமும் சாயும்போது துக்க இசை வருகிறது. சில ராட்சதங்கள் நாம் போய்ச் சீண்டும்வரை நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் நாயகனின் தோற்றம் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்து இருண்டுபோகிறது. செய்வது சரிதானா என்ற சந்தேகம் மூன்றாவது, நாலாவது கொலையிலேயே வந்துவிடும். ஆனாலும் பொத்தானை அழுத்துவது நம் விரல்தான். திரையில் ஒருவன் கொல்வதைப் பார்ப்பவருக்கு இரக்கம் வரலாம், கோபம் வரலாம். குற்றவுணர்வு வர வேண்டுமானால் கையில் ரத்தம் பட்டிருக்க வேண்டும். ஈபர்ட் எதைக் கேமின் குறை என்று சொன்னாரோ, அந்தத் தேர்வுரிமைதான் இங்கே கலையின் கருவியாகிறது. அவருக்கு வந்த பதில்களிலேயே வலுவானது இந்த வாதம்தான் என்பது என் எண்ணம். அதைச் சொன்னவர்கள் பேராசிரியர்கள் இல்லை, விளையாடியவர்கள்.

அவர் அந்த கேமை விளையாடினாரா? இல்லை. விளையாட விருப்பமில்லை என்று ஜூலை கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், 1994இலேயே ‘காஸ்மாலஜி ஆஃப் கியோட்டோ’ என்ற ஜப்பானியக் கணினி விளையாட்டை ரசித்து ‘வயர்டு’ இதழில் எழுதியவர் அவர். பழைய ரசிகர் ஒருவர் அவருக்குள்ளேயே இருந்தார். அவரை வெளியே கூப்பிடத்தான் யாராலும் முடியவில்லை.

ஆனாலும் அந்த இரண்டரை மாதத்தை நான் தோல்வி என்று எண்ணவில்லை. நாலாயிரம் பேர் எழுதினார்கள் என்பதைவிட ஒருவர் அவற்றைப் படித்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாசல் அவர் கையில் இருந்தது. வெறும் வசையை உள்ளே விடாமல் இருக்க முடியும். தனக்கு எதிரான நல்ல வாதத்தை மறைக்கவும் முடியும். முதலாவதைச் செய்தார், இரண்டாவதைச் செய்யவில்லை. எழுதியவருக்கும் அது தெரியும்: நான் எழுதுவதை அந்த மனிதர் படிக்கப் போகிறார். எழுத்தின் தொனியை மாற்ற அது போதும். அவருடைய பின்னூட்டப் பகுதியில் தொடர்ந்து நன்றாக எழுதிவந்த எகிப்து, துருக்கி, தென்கொரியா, மெக்சிகோ வாசகர்களை அவர் பிறகு தன் தளத்திலேயே கட்டுரையாளர்களாக ஆக்கிக்கொண்டார். கருத்துச் சொன்ன வாசகர் அடுத்த ஆண்டு அதே தளத்தில் விமர்சகர். நம் சிறுபத்திரிகைகளில் வாசகர் கடிதம் எழுதியவர் பிறகு கதை எழுதத் தொடங்கியது போலத்தான்.

ஈபர்ட் 2013 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் தன் நிரந்தரச் சேகரிப்பில் இரண்டு கேம்களைச் சேர்த்ததாக அறிவித்தது. அவற்றில் ஒன்று ஃபிளவர்.

பார்க்காமல் சொன்ன தீர்ப்புக்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னோடி உண்டு. 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு சினிமா பற்றி விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய் 353 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். குழுவின் கேள்வித்தாள் காந்திக்கும் போனது. தான் சினிமாவுக்குப் போனதே இல்லை என்றும், அதனால் பதில் சொல்லத் தகுதியற்றவன் என்றும் எழுதினார் அவர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சினிமா செய்த தீமை வெளியே நிற்பவருக்கே தெளிவாகத் தெரிகிறது, நன்மை ஏதேனும் உண்டென்றால் அது இனித்தான் நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். தகுதியில்லை என்ற ஒப்புதலும் தீர்ப்பும் அடுத்தடுத்த வாக்கியங்களில்! பின்னர் ஒருமுறை சூதாட்டம், குதிரைப் பந்தயம் ஆகிய தீமைகளோடு சினிமாவையும் அவர் ஒரே வரிசையில் வைத்தபோது, இளம் பத்திரிகையாளர் கே.ஏ. அப்பாஸுக்குப் பொறுக்கவில்லை. 1939இல் ‘ஃபிலிம் இந்தியா’ இதழில் காந்திக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மரியாதை குறையாத, மன்றாடும் கடிதம். எங்கள் இந்தச் சின்ன விளையாட்டுப் பொருளைக் கொஞ்சம் கண்திறந்து பாருங்கள் என்பதே அதன் சாரம். 2010இல் அந்த நாலாயிரம் பேர் ஈபர்ட்டிடம் கேட்டதும் அதுவேதான். அப்பாஸுக்கு இருந்தது ஒரு மாதப் பத்திரிகையின் சில பக்கங்கள். பதில் வந்தே தீரும் என்ற ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

இதுவரை சொன்னது பெரிய மனிதர்களின் கதை. கூட்டமும் அதையே செய்யும் என்பதற்கு அடுத்த சில ஆண்டுகள் சாட்சி. 2012 மே மாதம் அனிதா சர்க்கீசியன் என்ற ஊடக விமர்சகர், கேம்களில் பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று ஒரு காணொளித் தொடர் எடுக்க 6,000 டாலர் திரட்டும் முயற்சியில் இறங்கினார். முதல் காணொளி வெளியானது 2013 மார்ச்சில். ஆனால் அவர்மீதான தாக்குதல் 2012 ஜூனிலேயே உச்சத்துக்குப் போய்விட்டது. வன்முறை மிரட்டல்கள் வந்தன. அவரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தைச் சிதைத்தார்கள். அவர் முகத்தைக் குத்திக் காயப்படுத்தும் ஒரு கேமைக்கூட ஒருவர் செய்து வெளியிட்டார். பேசப்படும் படைப்பு இன்னும் பிறக்கவே இல்லை! தாக்குதலைக் கேள்விப்பட்டவர்கள் பணத்தை அள்ளிக் கொடுத்ததில் தொகை 1,58,922 டாலரானது. காணொளிகள் வந்தபோது அவற்றின் கீழ் கருத்துப் பகுதி மூடியிருந்தது. அதையும் குறைசொன்னவர்கள் உண்டு: விவாதத்துக்குப் பயப்படுகிறார் என்றார்கள்.

2014 ஆகஸ்டில் வெடித்த ‘கேமர்கேட்’ இன்னும் மோசம். ஒரு பெண் கேம் தயாரிப்பாளர் தன் கேமுக்கு நல்ல விமர்சனம் வாங்குவதற்காக ஒரு பத்திரிகையாளரோடு உறவு வைத்திருந்தார் என்று புரளி கிளம்பியது. பத்திரிகை நெறிமுறைக்காகப் போராடுகிறோம் என்று ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தப் பத்திரிகையாளர் அந்த கேமுக்கு விமர்சனமே எழுதியதில்லை. தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பெண்கள் சிலர் வீட்டை விட்டுத் தலைமறைவாகும் அளவுக்கு மிரட்டல்கள் போயின. அக்டோபரில் சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். பேசினால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று மின்னஞ்சல் வந்தது. அரங்கத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று காவல்துறை சொல்லிவிட, நிகழ்ச்சியை அவரே ரத்து செய்தார்.

நாலு ஆண்டு முன்பு ஈபர்ட்டுக்கு எழுதியவர்களும் இவர்களும் வேறு வேறு இனமா? வயது, ரசனை, கோபம் எல்லாம் ஏறத்தாழ ஒரே வார்ப்பு. இவர்கள் கூடிய இடங்களில்தான் வித்தியாசம். எழுதியதைப் படித்துப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. யாருடைய கோபம் பெரிதோ அது மேலே மிதந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெருக்கினார், அவ்வளவுதான்.

கேம் தயாரிப்பவர்கள் இதை விமர்சகர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு அது தத்துவப் பிரச்சினை இல்லை, தொழில் பிரச்சினை. ஃபிளவர் செய்த அதே நிறுவனம் 2012இல் ‘ஜர்னி’ என்ற கேமை வெளியிட்டது. பாலைவனத்தில் தொலைவிலுள்ள மலையை நோக்கி நடக்க வேண்டும். வழியில் எங்கிருந்தோ விளையாடும் இன்னொருவர் வந்து சேர்ந்துகொள்வார். பெயர் தெரியாது, பேச முடியாது, எழுத முடியாது. பறவைக் குரல்போல ஓர் ஒலி எழுப்பலாம், அது மட்டும்தான். சோதனைக் கட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோத முடிகிற மாதிரி வைத்திருந்தார்களாம். மேட்டில் ஏற ஒருவரை ஒருவர் தள்ளி உதவுவார்கள் என்று வடிவமைப்பாளர் ஜெனோவா சென் எதிர்பார்த்தார். விளையாடியவர்களோ ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். தள்ளினால் ஏதோ நடக்கிறது, அந்தச் சுவாரசியம் போதும். சென் மனித இயல்பைப் பற்றிப் புலம்பவில்லை. மோதுகிற வசதியை எடுத்துவிட்டார். பக்கத்தில் வந்தால் இருவருக்கும் பறக்கும் ஆற்றல் கூடும் என்று மாற்றினார். தள்ளிய அதே மனிதர்கள் பனிப்புயலில் ஒட்டி நடந்தார்கள், வழி தெரியாதவருக்காகக் காத்து நின்றார்கள். கூட வந்தவரின் பெயர் கேம் முடிந்த பிறகே திரையில் வரும்.

வசைக்குப் பேர்போன ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ கேமை நடத்தும் ரயட் நிறுவனமும் இதே போல ஒன்று செய்தது. எதிரணியோடு பேசும் சாட் வசதியை நிறுத்தாமல், ஆரம்பத்தில் அணைத்து வைத்தது. வேண்டுபவர்கள் அமைப்புகளுக்குள் போய் இயக்கிக்கொள்ளலாம். வசை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பேச்சு மொத்தத்தில் குறையவில்லை, இணக்கமான பேச்சு கூடியது. ஒரு பொத்தானைத் தேடிப் போய் அழுத்த வேண்டிய அந்தச் சில விநாடி, பலருக்கு நாக்கை அடக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: வசையில் பெரும்பகுதி நிரந்தரப் பொறுக்கிகளிடமிருந்து வரவில்லை, அன்றைக்கு ஏதோ எரிச்சலில் இருந்த சாதாரண ஆட்டக்காரர்களிடமிருந்தே வந்தது.

எல்லாருக்கும் இந்தப் பொறுமை இருக்கவில்லை. உலகம் முழுவதும் சினிமா ரசிகர்கள் பேசிக்கொண்டிருந்த ஐஎம்டிபி தளம், தன் கருத்துப் பலகைகளை 2017 பிப்ரவரியில் மொத்தமாக மூடியது. பேச்சு நின்றுவிடவில்லை, கேம் ஆடுபவர்களுக்காக 2015இல் தொடங்கிய டிஸ்கார்ட் போன்ற மூடிய அறைகளுக்குள் போய்விட்டது. அங்கே கண்ணியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வெளியிலிருந்து யாரும் படிக்க முடியாது என்பது அதற்கான விலை. 1927இல் காந்தி என்ன சொன்னார் என்பது ரங்காச்சாரியார் குழு சாட்சியங்களை அச்சிட்டு வைத்ததால் இன்று ஆய்வாளர் கைக்குக் கிடைக்கிறது. டிஸ்கார்ட் அறைகளில் ஓடும் பேச்சுக்கு அப்படி ஒரு தொகுதி கிடையாது.

தமிழில் இந்த விவகாரம் பெரும்பாலும் குற்றச் செய்தியாகத்தான் பத்திரிகைக்கு வந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் பப்ஜி என்ற கேமும் ஒன்று. தடைக்குப் பிறகும் அதை ஆடி யூடியூபில் நேரலை செய்த ஒருவரை 2021 ஜூனில் சென்னைப் போலீசார் தருமபுரியில் கைது செய்தார்கள். பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பார்வையாளர்களில் சிறுவர்கள் நிறைய. முன்ஜாமீன் மனு விசாரணையில் நீதிபதி மனுதாரரின் வழக்கறிஞரிடம் கேட்டதை அப்போது எல்லாரும் செய்தியில் பார்த்தோம்: அந்தப் பதிவுகளை முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். பார்க்காமல் பேசுவதற்கு எதிராக ஒரு நீதிமன்றம் இதைவிட நேராகச் சொல்ல முடியாது. அந்த வழக்கில் ஒருவரின் நாக்குதான் விசாரிக்கப்பட்டது. நேரலையில் காசு கட்டியவரின் வரி வண்ணத்தில் மேலே நிற்கும், மற்றவர்களுடையது ஓடி மறையும். கூட்டம் எதைக் கேட்டுக் காசு போடுகிறதோ அதையே பேசுபவர் அடுத்த நாளும் பேசுவார். அந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அதன் பிறகு வந்த சட்ட விவாதங்களிலும் பொதுப்பேச்சு ஆன்லைன் விளையாட்டு என்ற ஒரே மூட்டைக்குள் ரம்மியையும் மற்ற கேம்களையும் கட்டிப் போட்டது. 1939இல் சினிமாவைக் குதிரைப் பந்தயத்தோடு சேர்த்த அதே வரிசை. நியாயமாகச் சொன்னால், காசு வைத்து ஆடியதில் குடும்பங்கள் அழிந்ததால்தான் 2023இல் தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் துயரம் கற்பனை இல்லை. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பண விளையாட்டைத் தடைசெய்துவிட்டு, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே அங்கீகரிக்கிறது. சட்டம் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. நம் தலையங்கங்களுக்கு இன்னும் அவ்வளவு பொறுமை வரவில்லை.

சினிமாப் பக்கம் நிலைமை இன்னும் கலகலப்பு. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் தரப்பு, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்கள் ரசிகர் கருத்து எடுக்க விடக் கூடாது என்று கேட்டது. படம் வெளியான முதல் மூன்று நாளுக்கு இணைய விமர்சனமே கூடாது என்று கோரி வழக்கும் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் இடைக்காலத் தடை தர மறுத்தது. தயாரிப்பாளர்களின் கோபம் எனக்குப் புரிகிறது: இடைவேளை விளக்கு எரிவதற்குள் ‘படம் காலி’ என்று தலைப்பு வைக்கும் கடைகள் இருக்கின்றன. பரிகாரம்தான் தப்பு. மூன்று நாள் வாயைக் கட்டிப் போட்டால் நாலாவது நாள் அதே ஆள் அதே மைக்கோடு வருவார். காசு கொடுத்து வாங்கிய பாராட்டையும் சேர்த்துத் தடை கேட்டிருந்தால் மனுவை இன்னும் மரியாதையோடு படித்திருப்பேன்.

இன்று தமிழ் நேரலைகளில் ஈபர்ட் செய்த வேலையைச் செய்பவர்கள், பெயருக்குப் பக்கத்தில் சின்னக் குறடு அடையாளம் போட்ட மாடரேட்டர்கள். பெரும்பாலும் அந்தச் சேனலின் ரசிகர்கள்தான். பல இடங்களில் சம்பளம் கிடையாது. நள்ளிரவு தாண்டியும் சாட்டைப் பார்த்துக்கொண்டு யாரை நீக்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு விநாடியும் முடிவு செய்கிறார்கள். தானியங்கிச் சல்லடை ஆங்கில வசையைப் பிடித்துவிடும். ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தை மாற்றி, நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதிய தமிழ் வசை அதற்குப் புரிவதில்லை. சாதிப் பெயரைச் சுருக்கி எழுதும் குத்தல் சுத்தமாகப் புரியாது. அதைக் கண்டுபிடித்துக் கையால் எடுத்துப் போடுவது இப்போதைக்கு இந்தப் பிள்ளைகள்தான்.